என் கல்யாணத்துக்கு எதிராக நான் எழுதிய மனு

என் உயரம் ஐந்து அடி ஒன்பதரை அங்குலம். இதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. என்னைப் பார்த்த எவரும் வேறு எதையும் சொல்லித் தொடங்கியதில்லை. என் வீட்டுக்காரரின் உயரம் ஐந்து அடி இரண்டு அங்குலம். இடையில் இருக்கும் அந்த ஏழரை அங்குலத்தால் எங்கள் கல்யாணம் கிட்டத்தட்ட நின்றுபோனது. நிறுத்தப் பார்த்தவர்களில் என் அத்தைக்கும் பங்கு உண்டு. ஆனால் முக்கால்வாசிப் பங்கு என்னுடையது.

கொடைக்கானலில் எங்கள் குடும்பம் பள்ளிக்கூடங்களைச் சுற்றியே பிழைத்தது. அப்பா ஒரு பள்ளியின் தோட்டத்தில் செடி வெட்டினார். அம்மா இன்னொரு பள்ளியின் விடுதிக்குத் துணி துவைத்தாள். இந்த ஊரில் உள்ள எல்லாப் பள்ளிக்கூட வாசலையும் எங்கள் ஆட்கள் தாண்டியிருக்கிறார்கள், கையில் மண்வெட்டியோடோ வாளியோடோ. சிலேட்டோடு தாண்டியது நான்தான் முதல். இதில் எனக்கு உள்ள பெருமையை நான் எப்போதும் மறைத்ததில்லை. இப்போதும் மறைக்கப் போவதில்லை.

உடம்பைப் பள்ளிக்கூடம் தரவில்லை, பேரிக்காய் தந்தது. சீசனில் தோட்டத்திலிருந்து ரோடு வரைக்கும் மேட்டில் மூட்டை சுமந்தால் எட்டணா தருவார்கள். ஏழாம் வகுப்பில் இருந்தபோது, இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பெஞ்சை அப்படியே தூக்கி நகர்த்திவைத்தேன். அதைப் பார்த்த டீச்சர் ஒருவர் மறுநாளே என் கையில் வட்டு ஒன்றைக் கொடுத்து எறியச் சொன்னார். அது மைதானத்தைத் தாண்டி, வேலியைத் தாண்டி, யாரோ ஒருவரின் முட்டைக்கோஸ் பாத்தியில் போய் விழுந்தது. அங்கே தொடங்கியது மாவட்டப் போட்டி, பரிசுக் கோப்பை, பயிற்சிக் கல்லூரி என்று போய், இருபத்து மூன்று வயதில் ஏரிக்குப் பக்கத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் விளையாட்டு டீச்சராக, கழுத்தில் விசிலோடு கொண்டுவந்து நிறுத்தியது. எழுபதுகளின் கடைசி அது.

வட்டு எறிவதைவிட எனக்குப் பெருமை தந்த வேலை ஒன்று உண்டு. எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் மனு எழுதுவது நான்தான். ரேஷன் கார்டு, தெருக்குழாய், கீழே விழும் நிலையில் உள்ள மரம் என எதுவாக இருந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். 'தாழ்மையுடன்' என்று தொடங்கி 'ஆகையால்' என்று முடிப்பதற்குள் படிப்பவர் மனம் இளகிவிட வேண்டும் என்பது என் கொள்கை. அடித்தல் திருத்தல் இருக்காது. எங்கள் தெருவுக்குக் குழாய் வந்தது என் மனுவால்தான் என்று நான் சொல்வேன். மற்றவர்கள் தேர்தலால் என்பார்கள்.

இனி சைக்கிளுக்கு வருகிறேன்.

தினமும் வெயில் வருமுன் விடுதிப் பிள்ளைகளை ஏரியைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போவேன். அதே நேரத்தில் பஜார் பேக்கரியிலிருந்து ஒருவர் சைக்கிளில் தகரப் பெட்டி கட்டி, ஏரிக்கரை ஓட்டல்களுக்கு ரொட்டி கொண்டு போவார். மூடுபனியில் முதலில் மணிச் சத்தம் வரும், பிறகு சூடான ரொட்டி வாசனை வரும், கடைசியாக அவர் முகம் வரும். அந்த முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுருள்முடி, கூரான மூக்கு, சிரித்தால் இடது கன்னத்தில் குழி. காலண்டரில் அச்சடித்து மாட்டலாம். பிள்ளைகள் அவரை 'ரொட்டிக்கார அண்ணே' என்று கூப்பிடுவார்கள். ஓட்டத்தில் பின்தங்கும் சோம்பேறிகள்கூட அவர் மணியடித்தால் முன்னுக்கு வந்துவிடுவார்கள்.

"டீச்சர், இன்னைக்கு ரெண்டு நிமிசம் லேட்டு" என்பார் சைக்கிளிலிருந்து.

"நாங்க லேட் இல்ல. உங்க சைக்கிள் சீக்கிரம்" என்பேன் ஓடிக்கொண்டே.

இப்படி மூன்று மாதம் பேசினோம். சைக்கிள் சீட்டில் இருந்த அவர் முகமும் ஓடிக்கொண்டிருந்த என் முகமும் ஒரே மட்டத்தில் இருந்தன. நேருக்கு நேர் கண்ணைப் பார்த்துப் பேசக்கூடிய ஆண் இந்த ஊரில் ஒருவராவது இருக்கிறாரே என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

ஒருநாள் படகுத்துறைக்குப் பக்கத்தில் அவர் சைக்கிள் செயின் கழன்றது. அவர் இறங்கினார். இறங்கினார். இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவர் கால் தரையைத் தொட்டபோது அந்தச் சுருள்முடி என் மோவாய்க்கு நேரே இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சரே சிரித்ததால் இருபத்தைந்து பிள்ளைகளும் சிரித்தார்கள். அவர் செயினை மாட்டி, கைக் கறுப்பைப் புல்லில் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"என்ன டீச்சர், மீதி ஆளு எங்கேன்னு தேடுறீங்களா?"

மறுநாள் செயின் கழலவில்லை. ஆனாலும் படகுத்துறை வந்ததும் அவர் சைக்கிளை விட்டு இறங்கி, உருட்டிக்கொண்டே எங்களோடு நடந்தார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே.

இங்கே என்னைப் பற்றி ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏரிக்குத் தேனிலவு ஜோடிகள் வருவார்கள் அல்லவா, அவர்களுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று போடுவது எனக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு விளையாட்டு. புருஷன் தொந்தியும் வழுக்கையுமாக, பெண்டாட்டி கொடிபோல வந்தால் இரண்டு. இரண்டு பேருமே குண்டு என்றால் எட்டு, பொருத்தத்துக்குத்தானே மார்க். ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் கணவரை முதுகில் தூக்கிக்கொண்டு படகிலிருந்து கரைக்கு வந்தபோது மட்டும் எத்தனை போடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டோம். அந்த மார்க் போடும் விளையாட்டு எனக்கே வந்து சேரும் என்று அப்போது தெரியாது.

அவர் அம்மா பிளம் கேக்கோடு பெண் கேட்டு வந்தபோது நான் எழுந்து நின்று வணக்கம் சொன்னேன். அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஆத்தாடி, உக்காந்துக்க தாயி. கழுத்து வலிக்குது" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் எதற்கும் கடைசி வார்த்தை படித்தவளுடையதுதான். நான் சரி என்றேன். நிச்சயம் ஆனது.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. பஜார் டீக்கடை ஒரு கட்சி: "அம்புட்டு லெச்சணமான பயலுக்கு இப்பிடி ஒரு பொண்ணா? பேன்ட் மாட்டி விட்டா போலீஸ்ல சேத்துக்குவாங்க." காய்கறி மார்க்கெட் எதிர்க்கட்சி: "அம்புட்டு வாட்டசாட்டமான, படிச்ச புள்ளைக்கு இந்தப் பொடிசா? பாக்கெட்டுல போட்டுக்கிட்டுப் போகலாமே." பாதி ஊர் என்மேல் இரக்கப்பட்டது, பாதி ஊர் அவர்மேல். யார் மோசம் போனவர் என்று மட்டும் முடிவாகவில்லை. எனக்கு இதெல்லாம் உறைக்கவில்லை என்று காட்டிக்கொண்டேன். நிச்சயத்துக்குப் பிறகு அவருக்கு இரண்டு கடிதங்களும் எழுதினேன். மேட்டில் சைக்கிள் மிதிக்கும்போது மூச்சை எப்படி இழுத்து எப்படி விட வேண்டும் என்பது முதல் கடிதம். முழங்கால் வலிக்கு ஆறு பயிற்சிகள் இரண்டாவது. எனக்குத் தெரிந்த பிரியம் அவ்வளவுதான்.

எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று பூசையில் எல்லோருக்கும் கேட்க அறிவித்துவிட்டு, "இவர்களுக்குள் விக்கினம் ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று முடிப்பார்கள். மூன்று தடவையும் வாசித்தால்தான் தாலி.

முதல் ஓலைக்கு என் அத்தை வத்தலக்குண்டிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தாள். அப்பாவின் அக்கா. பஸ் ஸ்டாண்டில் பழக்கூடை வைத்திருப்பவள். எங்கள் குடும்பத்தில் அவள் கை வைக்காத கல்யாணம் இல்லை. நிச்சயத்தன்று மழையில் மலைரோடு சரிந்து பஸ் ஓடாததால் மாப்பிள்ளையை அவள் அதுவரை பார்த்திருக்கவில்லை. கோயிலுக்குள் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பூசை முடிந்து வெளியே படிக்கட்டில்தான் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அத்தை அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பழத்தை எடை பார்ப்பதுபோல மறுபடியும் அவரைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்தும் சாப்பிடவில்லை. சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏண்டி, சாமி கடைசியில என்ன சொன்னாரு? விக்கினம் தெரிஞ்சவுக சொல்லணும்னுதான?"

"ஆமா அத்தை."

"சொன்னாலும் சொல்லலாம், சொல்லாட்டியும் போகலாமா? இல்ல, சொல்லியே தீரணுமா?"

"கடமைப்பட்டிருக்கிறார்கள்னா சொல்லியே தீரணும்னுதான் அர்த்தம்." படித்தவள் அல்லவா, சரியாகப் பொருள் சொன்னேன்.

"சொல்லாட்டி பாவம்?"

"பாவந்தான்."

அத்தை பெருமூச்சு விட்டாள். "அப்ப நான் மாட்டிக்கிட்டேன். ரெண்டு கண்ணாலயும் பாத்துட்டேனே."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. விக்கினம் என்றால் ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா, ரத்த உறவா, கட்டாயப்படுத்துகிறார்களா என்பது மாதிரியான சங்கதி, ஆள் உயரம் அதில் சேராது என்று விளக்கினேன்.

"அது பெரிய விக்கினம். இது சின்ன விக்கினம். பெருசை மட்டும் சொல்லுங்கன்னு சாமி பிரிச்சுச் சொன்னாரா?"

"இல்ல."

"பெறகென்ன. எழுது."

"நானா?"

"பின்ன? நம்ம வம்சத்துல வேற யாருக்குடி எழுதத் தெரியும்? அந்தப் பையன் நல்லாத்தான் இருக்கான். என்னத்துக்கு நான் கெடுக்கப் போறேன்? ஆனா கண்டத மறைச்ச பாவம் எனக்கு வேணாம். நீ எழுதலன்னா பஸ் ஸ்டாண்டுல மனு எழுதுறவன்கிட்டப் போறேன். அவன் பஜார் பூராம் சொல்லிருவான், பரவாயில்லயா?"

எழுதினேன். பஜாருக்குப் பயந்து எழுதினேன் என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னேன். சாமியார் படித்துச் சிரித்துவிட்டுக் கிழித்துப் போடுவார் என்று நினைத்ததாகவும் சொன்னேன். இரண்டும் உண்மைதான். ஆனால் பேனாவைத் திறந்ததும் வேறொன்று நடந்தது. அதுவரை எனக்குக் கிடைத்ததெல்லாம் குழாயும் ரேஷன் கார்டும்தான். இப்படி ஒரு விஷயம் கிடைத்ததே இல்லை. கை தானாக ஓடியது.

'மேற்படி மணமகன் மேற்படி மணமகளின் தோள் அளவே உள்ளவர். மணமகள் குடை பிடித்தால் சாரலில் மணமகன் நனைவார். மணமகன் குடை பிடித்தால் மணமகளின் கொண்டை கம்பியில் சிக்கும். வருடத்தில் பாதி நாள் மழை பெய்யும் இவ்வூரில் இது சிறு குறை அன்று. மணமகனின் முகத்தைக் காண்போர் மணமகளை மறப்பர். மணமகளின் உடற்கட்டைக் காண்போர் மணமகனைக் காணவே மாட்டார். இருவரையும் ஒருசேரப் பார்க்கும் கண் இப்பங்கில் எவருக்கும் அமையவில்லை. ஆகையால்...'

இரண்டு பக்கம். ஒரு அடித்தல் இல்லை. அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "குடைய நான் சொல்லவே இல்லையே" என்றாள் அவள் வியந்துபோய். "ஆனா உண்மைதான். இருக்கட்டும்." கைநாட்டு வைத்து, மடித்து, சாமியார் குடியிருக்கும் பங்கு வீட்டில் கொடுத்துவிட்டு, பாவம் தீர்ந்த முகத்தோடு மத்தியான பஸ்ஸில் மலை இறங்கிப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு மற்ற இரண்டு ஜோடிகளின் ஓலை வாசிக்கப்பட்டது. எங்களுடையது வாசிக்கப்படவில்லை.

கோயில் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. நின்றால் எல்லோருக்கும் தெரியும் உயரம் எனக்கு. அன்றைக்கு முதல்முறையாக முழங்காலை மடக்கி நிற்கலாமா என்று தோன்றியது. பூசை முடிந்ததும் ஆண்கள் பக்கம் பார்த்தேன். அவர் யாரிடமும் பேசாமல் பக்கவாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மூடுபனியில் ரொட்டி வாசனை வந்தது. மணிச் சத்தம் வரவில்லை. சைக்கிள் எங்களைத் தாண்டிப் போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. செவ்வாயும் அப்படியே. வெள்ளிவரை பொறுத்தேன். வெள்ளிக்கிழமை பிள்ளைகளிடம் "என் பின்னாடி வாங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் துரத்தினேன்.

அவர் மிதித்தார். நான் ஓடினேன். சமதளத்தில் அவரைப் பிடிக்க முடியவில்லை. ஆனால் பேக்கரிக்குத் திரும்பும் மேட்டில் எந்தச் சைக்கிளும் இறங்கித் தள்ள வேண்டியதுதான். அங்கே பிடித்தேன்.

"நில்லுங்க."

நின்றார். அவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. "உங்களுக்கு மூச்சே வாங்கல பாருங்க" என்றார்.

"அந்த மனு அத்தை சொல்லி நான் எழுதினது."

"தெரியும். சாமி காட்டினாரு. கைநாட்டு அத்தையோடது. கையெழுத்து உங்களோடது. ரெண்டு லெட்டர் வாங்கியிருக்கேன்ல, தெரியாதா எனக்கு?"

"அத்தை விடமாட்டேன்னுட்டாங்க."

"சரி டீச்சர். அந்தக் குடை? குடையும் அத்தை சொன்னாங்களா?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். பிள்ளைகள் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். பிள்ளைகள் முன்னால் பொய் சொல்லும் பழக்கம் இல்லை.

"குடை நான்தான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. படிச்சு முடிக்கையில எனக்கே இந்தக் கல்யாணம் வேணாம்னு தோணிருச்சு."

சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறினார். நான் அங்கேயே நின்றேன். எனக்குப் பின்னால் ஒரு பொடிசு, "டீச்சர், என்ன டீச்சர் எழுதினீங்க?" என்று கேட்டது. மைதானத்தைப் பத்து சுற்றுச் சுற்றி வரச் சொல்லித் தண்டனை கொடுத்தேன். எனக்கும் சேர்த்துத்தான். நானும் சுற்றினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பங்கு வீட்டுக்கு எல்லோரையும் வரச் சொல்லி ஆள் வந்தது. அத்தைக்கும் சொல்லி அனுப்பி, அவளும் கூடையோடு வந்து சேர்ந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் சாமியார். வயதானவர், தடித்த கண்ணாடி. இந்தப் பக்கம் பெஞ்சில் அத்தை, அவர் அம்மா, ஆளுக்கொரு முனையில் நானும் அவரும். நடுவில் மேசைமேல் என் மனு.

சாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அம்மா, விக்கினம் எத்தனை உண்டோ அத்தனையும் எனக்கு மனப்பாடம். அதுல அடியும் இல்ல, அங்குலமும் இல்ல. உங்க மனு தள்ளுபடி."

"எனக்குப் பாவம் இல்லயே சாமி?"

"இல்ல."

"அது போதும். என் சோலி முடிஞ்சது." அத்தை கூடையை எடுத்தாள்.

"அதெப்பிடிங்க முடியும்?" என்று அவர் அம்மா திரும்பினார். "எம்புள்ளையத் தோளு மட்டம்னு எழுதிக் குடுத்துட்டுப் பஸ் ஏறிருவீங்களோ? அவன் மூஞ்சிக்கு எத்தனை எடத்துல கேட்டாங்க தெரியுமா?"

"கேட்டவுகளுக்குக் குடுத்திருக்க வேண்டியதுதான? எங்க புள்ள வட்டு எறிஞ்சா வேலி தாண்டும். உங்க மகன் எறிஞ்சா கால்மேல விழும்."

"எம்மகன் ஒரு மூடை மைதா மாவ ஒத்தக் கையால பெசைவான்!"

"பெசையட்டும். மாவுப் பலகை எட்டுதாம்மா?"

"எட்டாமலா ஊருக்கே ரொட்டி வருது?"

சாமியார் மேசைமேல் இருந்த சிறு மணியை அடித்தார். இரண்டு பேரும் அடங்கினார்கள்.

"எனக்குக் கவலை வேற" என்றார். "நம்ம அறிவிப்புப் பலகையில எழுதுறது இந்தப் பொண்ணுதான். அதனால கையெழுத்து எனக்குத் தெரியும். அடுத்தவங்க சொல்லி எழுதுற எழுத்து இப்பிடி வராது. பொண்ணுக்கு மனசு இல்லாத கல்யாணம்னா அதுதான் நெசமான விக்கினம். அதுக்குத்தான் ஓலைய நிறுத்தினேன். சொல்லும்மா. உனக்குச் சம்மதமா, இல்லையா?"

"சம்மதம் சாமி." என் குரல் எனக்கே கேட்கவில்லை. நானூறு பிள்ளைகளை ஒற்றைச் சத்தத்தில் வரிசையில் நிறுத்தும் குரல்.

சாமியார் அவரைப் பார்த்தார். அவர் எழுந்து நின்றார். "சாமி, ஒரு சங்கதி மட்டும். தோளு இல்ல, மோவாய். அதத் திருத்தணும்."

"குறிச்சுக்கிட்டேன். பெறகு?"

"வேணாம்னு ரெண்டு பக்கம் எழுதியிருக்காங்க. வேணும்னு வாயால ஒரு வார்த்தை சொல்றாங்க. எனக்குப் பத்தல. இதையும் எழுதட்டும். அதுக்கு மேல என்னன்னு நான் சொல்றேன்."

சாமியார் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார்.

தாழ்மையுடன் என்று எழுதினேன். அடித்தேன். மேற்படி மணமகனை என்று எழுதினேன். அடித்தேன். எனக்குத் தெரிந்த நல்ல சொற்களெல்லாம் குழாய்க்கும் ரேஷனுக்கும் ஏற்கெனவே போய்விட்டவைபோல இருந்தன. மனு எழுதத் தெரியும். கேட்பது எனக்காக என்றால் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சமையல்காரர் காபி கொண்டுவந்து வைத்தார். அது ஆறியது. அத்தைக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னடி, அன்னைக்குக் கடகடன்னு எழுதுன? வெரசா எழுது, கடைசி பஸ் போயிரும்."

ஒருவழியாக முடித்துத் தாளைச் சாமியாரிடம் நீட்டினேன். அவர் வாங்கப்போனார். அத்தை குறுக்கே கையை வைத்தாள்.

"சத்தமா வாசி. எனக்குப் படிக்கத் தெரியாதுல்ல? அன்னைக்கும் எனக்கு வாசிச்சுத்தான காட்டுன?"

"ஆமாங்க, எனக்கும்தான் தெரியாது" என்றார் அவர் அம்மா. முதல்முறையாக இரண்டு பேரும் ஒரே கட்சி.

வாசித்தேன். வேறு வழி இல்லை.

'குடையைப் பற்றி எழுதியது தப்பு. நாங்கள் ஒரே குடையில் இதுவரை நடந்ததில்லை, அதனால் எனக்குத் தெரியாது. அழகாக இருக்கிறது என்று எழுதிவிட்டேன். இவர் சைக்கிளை விட்டு இறங்கிய அன்று நான் சிரித்தேன். பிள்ளைகளையும் சிரிக்க வைத்தேன். மறுநாளும் இவர் இறங்கினார். சிரிப்பார்கள் என்று தெரிந்தும் இறங்கினார். நானாக இருந்தால் இறங்கியிருக்க மாட்டேன். இந்த வாரம் மணி அடிக்கவில்லை. நான் சரியாக ஓடவில்லை. பிள்ளைகள் என்னை முந்திவிட்டார்கள். எனக்கு இவர் வேண்டும்.'

கடைசி வரியில் என் சத்தம் இறங்கிவிட்டது.

"கேக்கல தாயி" என்றார் அவர் அம்மா.

"எனக்கு இவர் வேணும்!" என்றேன், மைதானத்துக் குரலில். வெளியே தோட்டத்தில் யாரோ நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவர் என்னிடம் வந்து கையை நீட்டினார். தாளைக் கொடுத்தேன். அவர் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. எழுத்துக்கூட்டி, அடித்த சொற்களையும் விடாமல், மேலிருந்து கீழ்வரை படித்தார். அதில் நல்ல சொற்களைவிட அடித்தவைதான் அதிகம். பிறகு நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அதை இங்க குடுப்பா" என்றார் சாமியார். "கோப்புல சேக்கணும்."

"இது எனக்கு எழுதினது சாமி. அத வேணும்னா நீங்க வச்சுக்குங்க" என்று மேசைமேல் இருந்த இரண்டு பக்கத்தைக் காட்டினார். கன்னத்தில் குழி விழுந்தது. "எழுத்து அதுலதான் நல்லா இருக்கு."

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாளைப் பூசையில் இரண்டாம் ஓலை என்று சொல்லி எங்களை எழுப்பிவிட்டார். பங்கு வீட்டு அலமாரியில், பதிவேட்டைத் தவிர, எங்கள் கல்யாணத்தைப் பற்றி இன்றும் இருக்கும் ஒரே தாள் அந்த ஆட்சேப மனுதான். ஓரத்தில் 'தோள் அன்று, மோவாய்' என்று சாமியார் சிவப்பு மையில் திருத்தியிருக்கிறார்.

படி இறங்கும்போது அவர் என் பக்கத்தில் வந்தார். எங்களுக்கு முன்னால் அத்தையும் அவர் அம்மாவும் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசி பஸ்ஸை அத்தை மறந்துவிட்டிருந்தாள்.

"மதினி, சேலை உங்க பக்கத்து எடுப்பு. நான் குறுக்க பேசக் கூடாது. ஆனா சாக்கெட்டுக்கு முக்கால் மீட்டர் எடுத்துராதீங்க. இவ கைக்கே அது பத்தாது."

"நான் பாக்கலயா? ஒண்ணேகால் எடுக்கலாம்னு இருக்கேன்."

"ஒண்ணேகாலா? ஒன்றரை எடுங்க. கேவலமாப் போயிரும்."

"அதுக்கென்ன மதினி, இவனுக்குக் கோட்டு தைக்கணும்ல. டெய்லரு எல்லாருக்கும் ஒரே அளவுதான் எடுக்கச் சொல்வான். இவனுக்குத் தச்சா எப்பிடியும் அரை மீட்டர் மிஞ்சும், அது இவ சாக்கெட்டுக்கு ஆச்சு. ரெண்டும் ஒரே கலர்ல எடுத்துட்டாப் போச்சு."

அத்தை நின்று, திரும்பி, எங்கள் இரண்டு பேரையும் மறுபடி ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றாள்.